மௌல்பிரோன்: மடமும் ஊரும் (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை நிமித்தம் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரத்தில் இருக்கிறேன். மலையாள அகராதி தந்த மிஷனரி ஹெர்மன் குண்டர்ட் படித்த இடம் என்று நீங்கள் ஒரு குறிப்பில் சொல்லியிருந்ததால், பழைய துறவிமடம் இருக்கும் மௌல்பிரோனுக்குப் போய்வந்தேன். உலகப் பாரம்பரியச் சின்னம் என்கிறார்கள். டிக்கெட் எடுத்து உள்ளே போனேன். ஒரு பழைய தேவாலயம், தூண்கள் சூழ்ந்த முற்றம், சில்லென்ற கூடங்கள். முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். இதைவிடப் பெரிய தேவாலயங்களை இதே நாட்டில் பார்த்திருக்கிறேன். இதில் அப்படி என்ன இருக்கிறது என்று உண்மையாகவே புரியவில்லை.

மதில் சுவருக்கு உள்ளேயே நகராட்சி அலுவலகம், உணவகம், பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கின்றன. அப்படியானால் அது மடமா, ஊரா? துறவிகள் போய் நானூறு, ஐந்நூறு வருடங்கள் ஆனபிறகும் எப்படி இடியாமல் நிற்கிறது? குண்டர்ட் அங்கே படித்தது உறுதியான செய்திதானா? மௌல்டாஷன் என்னும் பதார்த்தம் அங்கே பிறந்தது என்று உணவகத்தில் சொன்னார்கள், அதுவும் உண்மையா? வரும் மே மாதம் அப்பா அம்மா வருகிறார்கள். மறுபடி போவதாக இருந்தால் எதைப் பார்க்கவேண்டும்?

அன்புடன்,
வே.

அன்புள்ள வே.,

டிக்கெட் கொடுத்து உள்ளே விடும் பகுதி துறவிகள் ஜெபித்த, உண்ட, உறங்கிய கட்டடம். அவர்கள் எதைக் கொண்டு வாழ்ந்தார்கள் என்பதற்கான சான்றுகள் டிக்கெட் இல்லாத இடங்களில் இருக்கின்றன. வாசல் கோபுரத்துக்கும் தேவாலயத்துக்கும் நடுவிலுள்ள பெரிய முற்றம், காட்டோரமாகப் போகும் வாய்க்கால்கள், ஏரிகள், திராட்சைத் தோட்டச் சரிவு. இவை எல்லாம் சேர்ந்ததுதான் மௌல்பிரோன். 1993இல் யுனெஸ்கோ இதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது கட்டடங்களோடு நீர் ஏற்பாட்டையும் சேர்த்தே மதிப்பிட்டது. பெரும்பாலான பயணிகள் அந்தப் பாதியைப் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1138இல் வால்ட்டர் ஃபான் லோமர்ஸ்ஹைம் என்ற நிலப்பிரபு, இன்றைய மூலாக்கருக்கு அருகில் தன் நிலத்தைச் சிஸ்டர்சியன் என்னும் கத்தோலிக்கத் துறவுச் சபையினருக்குக் கொடுத்தார். அல்சாஸில் உள்ள நூபூர் மடத்திலிருந்து டீட்டர் என்பவரைத் தலைவராகக் கொண்டு 12 துறவிகள் வந்தார்கள். அந்த இடம் தோதுப்படவில்லை. 1147இல் ஸ்பையர் ஆயர் குந்தர் அவர்களுக்கு ஸால்ஸாஹ் ஓடையின் பள்ளத்தாக்கில் வேறு இடம் தந்தார். தேவாலயம் 1178இல் அர்ச்சிக்கப்பட்டது. அதன் மேற்கு வாசலில் இரும்புப் பட்டைகள் அடித்த மரக்கதவுகள் அந்தக் காலத்தவை. உள்ளே நுழையும் அவசரத்தில் எல்லோரும் அவற்றைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.

சிஸ்டர்சியன்களுக்கு இரண்டு விதிகள் முக்கியமானவை. ஒன்று, நகரம், கோட்டை, கிராமம் எதற்கும் அருகில் மடம் கட்டக்கூடாது. இன்னொன்று, மடவாழ்வுக்கு விதி வகுத்த புனித பெனடிக்டின் ஒழுங்குநூலில் 66ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. தண்ணீர், ஆலை, தோட்டம், பலவகைத் தொழில்கள் எல்லாம் மடத்துக்கு உள்ளேயே இருக்கவேண்டும், துறவி வெளியே அலையவேண்டிய தேவையே வரக்கூடாது என்கிறது அது. ஊரிலிருந்து விலகிப் போனவர்கள், ஓர் ஊருக்கு வேண்டிய அத்தனையையும் மதிலுக்குள் கட்டவேண்டியதாயிற்று. உங்கள் முதல் குழப்பத்துக்கு விடை இதில்தான். ஊர் பின்னால் வந்து மடத்தை ஒட்டிக்கொள்ளவில்லை. ஊரின் உறுப்புகள் முதல் நாளிலிருந்தே மடத்துக்குள் இருந்தன. குடும்பங்கள் மட்டும்தான் இல்லை.

முற்றத்தில் நிற்கும் கட்டடங்களைப் பாருங்கள். மாவு ஆலை, ரொட்டி சுடும் கூடம், கொல்லன் பட்டறை, மதுப்பீப்பாய் செய்யும் தச்சர் பட்டறை, தானியக் களஞ்சியம், குதிரை லாயம், திராட்சைத் தோட்ட மேற்பார்வையாளரின் வீடு. குதிரை லாயம்தான் இன்று நகராட்சி அலுவலகம். பீப்பாய்ப் பட்டறை பார்வையாளர் மையம். களஞ்சியம் ஊரின் விழா மண்டபம். இப்போது நாம் பார்க்கும் மரச்சட்டக வீடுகளில் பல துறவிகள் காலத்துக்குப் பிந்தியவை. ஆனால் எந்த வேலை எந்த மூலையில் நடந்ததோ அந்த மூலைகள் பெரும்பாலும் மாறவில்லை.

இத்தனை வேலையையும் செய்தவர்கள் யார்? பாடகர் குழுவில் அமர்ந்து லத்தீனில் ஜெபிக்கும் துறவிகள் ஒரு வகுப்பு. உழைப்புச் சகோதரர்கள் இன்னொரு வகுப்பு. இவர்களும் சத்தியப்பிரமாணம் எடுத்தவர்கள்தான், தாடி வளர்த்தவர்கள், பெரும்பாலும் எழுத்தறிவில்லாதவர்கள். ஒருபோதும் பாடகர் துறவியாக உயர முடியாது. தேவாலயத்தின் குறுக்கே ஒரு கல் தடுப்புச்சுவர் நிற்கிறதே, அது இந்த இரண்டு வகுப்பையும் பிரிக்க எழுப்பியது. கிழக்கே துறவிகள், மேற்கே சகோதரர்கள். உணவுக்கூடமும் இரண்டு. துறவிகளுடையது 1220களில் கட்டிய உயர்ந்த மண்டபம். நடுவரிசையில் ஒரு பருத்த தூண், அடுத்தது மெல்லிய தூண் என்று மாறிமாறி வரும். சகோதரர்களுடையது மேற்குப் பகுதியில் தாழ்ந்து பரந்து கிடக்கும் கூடம். தொலைவிலுள்ள மடத்துப் பண்ணைகளையும் இந்தச் சகோதரர்களே நடத்தினார்கள். ஒரு நாள் நடைத் தொலைவுக்குள் பண்ணை இருக்கவேண்டும், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மடத்துக்கு வந்துவிட வேண்டும் என்பது வழக்கம். 14ஆம் நூற்றாண்டில் சகோதரர்களாகச் சேர ஆள் குறைந்துபோனது. நிலங்கள் குத்தகைக்குப் போயின. உழுது உண்ட மடம் குத்தகையும் தசமபாகமும் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) வசூலிக்கும் மடமாக மாறியது. அதனால் குடியானவர்களுக்கு வந்த கோபம்தான் 1525 விவசாயிகள் போரில் மதிலைத் தாண்டி உள்ளே வந்தது.

இனி தண்ணீர். இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஏரிப்பாசனம் தெரிந்த நம்மவர்களுக்கு ஜெர்மானியர்களைவிட இது சீக்கிரம் பிடிபடும்.

மௌல்பிரோன் பெரிய ஆற்றின் கரையில் இல்லை. ஸால்ஸாஹ் ஒரு சிற்றோடை. கோடையில் அதை நம்பி ஓர் ஆலையைக்கூட ஓட்ட முடியாது. ஆகவே துறவிகள் மழைநீரையும் ஊற்றுநீரையும் மலைச்சரிவிலேயே பிடித்தார்கள். சரிவின் குறுக்கே, சம உயரக் கோட்டை ஒட்டி வரத்துக்கால்கள் வெட்டினார்கள். சரிவில் இறங்கும் நீர் வாய்க்காலில் விழும், வாய்க்கால் அதை மெதுவாக ஏரிக்குக் கொண்டுசேர்க்கும். வாட்டம் கொடுப்பதில்தான் திறமை. ஆயிரம் மீட்டருக்கு ஒன்றிரண்டு மீட்டர் இறக்கம் போதும். அதற்கும் குறைந்தால் நீர் தேங்கி வண்டல் படிந்து, இலைதழை மக்கி, வாய்க்கால் சில வருடங்களில் மேடாகிவிடும். அதிகமானால் நீர் அடிமண்ணை அரித்துப் பள்ளமாக்கும், ஓரிடத்தில் கரை உடைந்து மொத்த நீரும் சரிவில் இறங்கிவிடும். மலையின் வளைவுக்கெல்லாம் வளைந்து போகவேண்டும் என்பதால் நேர்வழியில் நூறு மீட்டர் இருப்பதற்கு முந்நூறு மீட்டர் வெட்ட நேரும். காட்டுக்குள் இன்றும் அந்த வாய்க்கால்களின் தடம் தெரிகிறது. முழங்கால் ஆழத்தில், இலைகள் நிரம்பி, பள்ளத்தாக்குப் பக்கம் மட்டும் மண் கரை உயர்ந்து. வெட்டிய மண்ணை முழுவதும் கீழ்ப்பக்கம் போட்டதால் வந்த கரை அது.

நீர் ஏரிகளில் சேரும். பல ஏரிகள் அடுக்கடுக்காக இருந்தன. சில வயலாகிவிட்டன, சில மிஞ்சியிருக்கின்றன. மடத்தை ஒட்டி மேட்டில் இருக்கும் ஆழமான ஏரியில் இன்று ஊர்க்காரர்கள் கோடையில் நீந்துகிறார்கள். அது துறவிகள் கட்டிய கரைதான். குதிரை ஏரி, ஆல்கிஸ்டன் ஏரி இரண்டும் கொஞ்சம் தள்ளி இருக்கின்றன. ஆல்கிஸ்டன் இப்போது பறவைகளுக்கான இயற்கைக் காப்பகம்.

ஒரு ஏரிக்கரை எதனால் நிற்கிறது, எதனால் உடைகிறது என்பது உலகெங்கும் ஒன்றுதான். நடுவில் களிமண் நெஞ்சுச்சுவர், இரண்டு பக்கமும் சரிந்த மண். கரைமேல் பெரிய மரம் வளரவிடக்கூடாது. மரம் உயிரோடு இருக்கும்வரை ஆபத்து தெரியாது. பட்டுப்போனதும் வேர் மக்கி, வேர் இருந்த இடம் குழாயாகி, அந்தக் குழாய் வழியே நீர் கசிந்து, கசிவு மண்ணைக் கரைத்து, ஒரு மழைநாளில் கரை உட்காரும். எலி வளையும் அதே வேலையைச் செய்யும். அடுத்த ஆபத்து, மிகைநீர் வழியும் கலிங்கு அடைபடுவது. இலையுதிர்காலத்தில் இலைகள் ஒன்றுசேர்ந்து கலிங்கின் வாயை மூடிக்கொள்ளும். நீர் ஏறிக் கரையின் தலைக்கு மேல் வழிந்தால் மண்கரை சில மணி நேரம்கூடத் தாங்காது. அடுக்கு ஏரிகளில் மேலே ஒன்று உடைந்தால் கீழே உள்ளவையும் வரிசையாகப் போகும். ஆகவே யாராவது ஒருவர் தினமும் கரையைச் சுற்றிவரவேண்டும். இவ்வளவு ஏரி வைத்திருந்த மடத்தில் இந்தக் காவல் தொழுகை நேரத்துக்குச் சமமான முக்கியத்துவம் உடையது.

மீன் ஏன்? ஒழுங்குநூலின் 39ஆம் அத்தியாயம், நோயுற்றவர் தவிர வேறெவரும் நாற்கால் விலங்கின் இறைச்சி உண்ணக்கூடாது என்கிறது. செப்டம்பர் நடுவிலிருந்து உயிர்ப்புப் பெருவிழா வரை நோன்புக் காலம். கெண்டைமீன் சேற்று ஏரிகளில் வளரும், ஈரத்தில் வைத்தால் நீருக்கு வெளியேயும் கொஞ்ச நேரம் தாங்கும். மத்திய ஐரோப்பாவின் குளிரில் அது மூன்று கோடைகள் எடுத்துக்கொண்டுதான் ஒன்றேகால், ஒன்றரை கிலோ எடைக்கு வரும். எனவே குஞ்சுக்கு ஒரு குளம், இரண்டாம் வருட மீனுக்கு ஒன்று, மூன்றாம் வருடத்துக்கு ஒன்று என்று வயதுவாரியாகப் பிரிக்கவேண்டும். கலந்துவிட்டால் பெரியவை தீவனத்தைத் தின்றுவிடும், குஞ்சுகள் தேறாது. ஏரிகள் பல இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இலையுதிர்காலத்தில் ஏரியை வடிப்பார்கள். ஒரே நாளில் திறந்துவிடக்கூடாது. நீர் வேகமாக இறங்கினால் மீன்கள் செடிகளுக்குள்ளும் சேற்றிலும் மாட்டிக்கொள்ளும், நனைந்த கரையின் உள்சரிவும் சரிந்துவிடும். பெரிய ஏரியானால் நாள்கணக்கில் வடிக்கவேண்டும். மதகுக்கு முன்னால் தோண்டிவைத்த ஆழக் குழியில் மீன் தானாக வந்து சேரும், அங்கே வலையை இறக்குவார்கள். மத்திய ஐரோப்பாவில் வழங்கும் மதகுப்பெட்டி ஒன்றைச் சொல்லவேண்டும். கரையின் உட்புறம் நெட்டுக்குத்தாக ஒரு பெட்டி, அதன் பக்கங்களில் பள்ளம், பள்ளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிய பலகைகள். எத்தனை பலகை இருக்கிறதோ அத்தனை உயரம் நீர் நிற்கும். ஒரு பலகையை எடுத்தால் அந்த அளவுக்கு மட்டும் இறங்கும். இரண்டு வரிசைப் பலகை வைத்து, முன் வரிசையின் அடியில் இடைவெளி விட்டால் ஏரியின் அடிநீர்தான் வெளியேறும். அடிநீரில் உயிர்வளி குறைவு. அது போய்க்கொண்டே இருந்தால் மீன் மூச்சுத்திணறாது. பிடித்த மீனை உடனே சமைக்கக்கூடாது. ஓடும் சுத்தநீரில் சில நாள் பட்டினி போட்டால்தான் சேற்றுவாடை போகும். வடித்த ஏரியைச் சில நேரம் குளிர்காலம் முழுக்கக் காயப்போடுவார்கள். சேறு உறைந்து வெடித்துப் புழு பூச்சி சாகும், அடிமண் காற்று குடிக்கும்.

மடத்துக்குள் வந்த நீருக்கு ஒரு வரிசை இருந்தது. ஊற்றுநீர் குழாயில் கைகழுவும் மண்டபத்துக்கு வரும். அந்த மண்டபம் உணவுக்கூட வாசலுக்கு நேர் எதிரில் இருப்பது தற்செயல் இல்லை. கைகழுவிவிட்டு நேரே பந்திக்குப் போகவேண்டும். (நீங்கள் படம் எடுத்திருப்பீர்களே, மூன்று அடுக்குக் கல் நீரூற்று, அது 19ஆம் நூற்றாண்டில் சேர்த்துவைத்தது. அடித்தொட்டி மட்டும் பழையது.) வாய்க்கால் நீர் ஆலைக்கும் பட்டறைகளுக்கும் போகும். எல்லாம் முடிந்த நீர் கடைசியில் கழிவறைக்கு அடியில் ஓடி வெளியேறும். சிஸ்டர்சியன் மடங்களின் பொது அமைப்பு இது. மேலே நல்ல நீர், கீழே கழிவு, இரண்டும் சந்திக்கவே கூடாது.

கட்டடத்துக்குள்ளும் நீங்கள் தாண்டிப்போன இரண்டு இடங்களுக்குத் திரும்பக் கூப்பிடுகிறேன்.

முதலாவது, தேவாலய வாசலுக்கு முன்னுள்ள முன்மண்டபம். அதற்குச் 'சொர்க்கம்' என்று பெயர். 1210ஐ ஒட்டிக் கட்டியது. கட்டிய சிற்பியின் பெயர் எங்கும் இல்லை, 'சொர்க்கத்தின் ஆசான்' என்றே சொல்கிறார்கள். பிரான்ஸில் புதிதாகப் பிறந்த கட்டடக்கலையைக் கற்றவர். அங்கே கூரையின் வளைவுகள் தூணைத் தொடும் இடங்களைப் பாருங்கள். எல்லாம் ஒரே உயரத்தில் தொடங்குவதில்லை. காரணம் கணக்கு. அவர் எல்லா வளைவையும் அரைவட்டமாகவே போட்டார். அரைவட்டத்தின் உயரம் அதன் அகலத்தில் பாதி, வேறு வழி கிடையாது. ஒரு சதுரக் கட்டத்தின் பக்கம் 5 மீட்டர் என்று வையுங்கள். பக்க வளைவு இரண்டரை மீட்டர் உயரும். மூலைக்கு மூலை போகும் வளைவின் அகலம் 7 மீட்டருக்குச் சற்று மேல், ஆகவே அது மூன்றரை மீட்டர் உயரும். இரண்டின் உச்சியும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும் என்றால், மூலைவளைவை ஒரு மீட்டர் கீழிருந்து தொடங்கவேண்டும். அவர் அதைத்தான் செய்தார். அதற்கேற்ப மெல்லிய தூண்களின் தலைகளை வெவ்வேறு உயரத்தில் நிறுத்தினார். கொஞ்ச காலத்திலேயே கூர்முனை வளைவு வந்து இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டது. கூர்முனையை வேண்டிய உயரத்துக்கு நீட்டலாம், குறுக்கலாம். மௌல்பிரோனில் இருப்பது அந்தத் தீர்வுக்கு முந்திய நிமிடம். ஒரு பெரிய கலைஞன் பழைய வட்டத்தை வைத்துக்கொண்டே புதிய கூரையைச் சாதித்த இடம். கொலோன் தேவாலயம் இதைவிடப் பல மடங்கு பெரியது, ஆனால் இந்தக் காட்சியை அங்கே பார்க்க முடியாது.

இரண்டாவது, குளிர்காயும் அறை. சமையல்கட்டையும் நோயாளிகள் இருந்த பகுதியையும் விட்டால் மடத்தில் சூடேற்றிய அறை இது ஒன்றே. அடியில் கல்வளைவு போட்ட நெருப்பறை. அங்கே விறகை எரித்துக் கற்களைக் காயவைப்பார்கள். புகை அனைத்தும் வெளியேறி, நெருப்பு அடங்கியபிறகே மேல்தளத்தின் துளைகளைத் திறப்பார்கள். அவசரப்பட்டுத் திறந்தால் அறை முழுக்கப் புகை. பொறுத்துத் திறந்தால் சூடான தூய காற்று நெடுநேரம் வரும். உறைந்த மையை இளக்கவும், விறைத்த விரலைத் தேய்க்கவும் இங்கே வருவார்கள். படுக்கைக் கூடத்தில் நெருப்பே கிடையாது.

எப்படி இடியாமல் நிற்கிறது என்று கேட்டீர்கள். நேரான பதில், பள்ளிக்கூடம் அதைக் காப்பாற்றியது.

1504இல் கோமகன் உல்ரிஷ் மௌல்பிரோனைப் பிடித்துத் தன் நாடான வூர்ட்டம்பெர்க்கோடு சேர்த்தார். 1534இல் அவரே நாட்டை லூத்தரன் மதத்துக்கு மாற்றினார். மடங்களின் சொத்து அரசுக்குப் போயிற்று. அவருடைய மகன் கிறிஸ்டோஃப் 1556இல் ஓர் ஆணை போட்டார். மடக் கட்டடங்களில் பள்ளிகள் நடக்கும், மடத்து நிலங்களின் வருமானத்தில் ஏழைப் பையன்கள் உட்பட எவரும் தேர்வெழுதி இலவசமாகத் தங்கிப் படிக்கலாம், பிறகு டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்துப் போதகராகவேண்டும் என்பது ஏற்பாடு. கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட்களும் மோதிய முப்பதாண்டுப் போரின்போது கத்தோலிக்கத் துறவிகள் இரண்டு முறை திரும்பிவந்தார்கள், 1648 அமைதி உடன்படிக்கையோடு அதுவும் முடிந்தது. பள்ளி மறுபடி வந்தது. இன்றும் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு முதல் ஆண்களும் பெண்களும் அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள். நீங்கள் போனபோது மூடியிருந்த கதவுகளுக்குப் பின்னால் அவர்களுடைய அறைகள் இருந்திருக்கும்.

பக்கத்திலுள்ள ஹிர்ஸாவ் மடத்தை 1692இல் பிரெஞ்சுப் படை எரித்தது, பிறகு ஊர்க்காரர்கள் கல்லை அள்ளிப் போனார்கள். ஹெரன்ஆல்ப் மடத்தில் தேவாலயத்தின் முன்மண்டபம் இடிபாடாக நிற்கிறது. மௌல்பிரோனில் ஒவ்வொரு கூரைக்கும் கீழே யாராவது குடியிருந்தார்கள். பள்ளி, மடத்துச் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரி, குமாஸ்தாக்கள், காவலர், பிறகு வட்ட நிர்வாகம். கூரை ஒழுகினால் புகார் செய்ய ஆள் இருந்தது, செப்பனிட வருமானம் இருந்தது. பழைய கட்டடத்தைக் காப்பது பெரும்பாலும் கூரையைக் காப்பதுதான். ஓடு ஒன்று நகர்ந்து பத்து வருடம் கவனிக்காமல் விட்டால் உத்தரம் மக்கும், உத்தரம் போனால் சுவர் தலை திறக்கும், பிறகு பனி கல்லைப் பிளக்கும். இப்படி அதிகாரிகளும் ஆசிரியர்களும் கைவினைஞர்களும் வாழ்ந்து அது மெல்ல மெல்லக் குடும்பங்கள் உள்ள ஊராயிற்று. 1886இல்தான் நகரம் என்ற தகுதி கிடைத்தது. இன்று சுற்றுக் கிராமங்களையும் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம் பேர்.

குண்டர்ட் செய்தி உறுதியானது. 1814இல் ஸ்டுட்கார்ட்டில் பிறந்தவர், 13 வயதில் 1827இல் மௌல்பிரோன் வந்து 1831 வரை படித்தார். லத்தீன், கிரேக்கம், ஹீப்ரு மூன்றையும் இலக்கணத்திலிருந்து தொடங்கி மூலநூல் வாசிப்புவரை கொண்டுபோகும் பாடத்திட்டம். பிறகு டூபிங்கன். 1836இல் சென்னை வந்து இறங்கினார். முதலில் கற்றுச் செயல்பட்ட தென்னிந்திய மொழி தமிழ். திருநெல்வேலியிலும் சித்தூரிலும் இருந்துவிட்டு, பாஸல் மிஷனில் சேர்ந்து, 1839இல் தலச்சேரிக்குப் போனார். 1872இல் வெளியான மலையாள அகராதி அவரை இன்றுவரை கேரளத்தில் வாழவைத்திருக்கிறது. ஒரு மொழியை அணுகும்போது முதலில் வேர்ச்சொல், பிறகு திரிபு, பிறகு பழைய நூல்களில் ஆட்சி என்று அவர் போகும் முறையில் அந்தச் சிறுவயதுப் பயிற்சியை நான் காண்கிறேன். அவருடைய மகள் மாரி 1842இல் தலச்சேரியில் பிறந்தார். மாரியின் மகன், நாவலாசிரியர் ஹெர்மன் ஹெஸ்ஸே 1891இல் அதே பள்ளியில் சேர்ந்து, அடுத்த மார்ச்சில் ஓடிப்போய், மே மாதத்தோடு விலகினார். தாத்தாவை உருவாக்கிய ஒழுங்கு பேரனை மூச்சுமுட்ட வைத்தது. இரண்டும் அந்தப் பள்ளியைப் பற்றிய உண்மைதான். வானியலாளர் கெப்ளர் 1586 முதல் 1589 வரையும், கவிஞர் ஹோல்டர்லின் 1786 முதல் 1788 வரையும் அங்கே படித்தவர்கள்.

திராட்சைச் சரிவுக்கு வருகிறேன். எல்ஃபிங்கர் பண்ணை மடத்தின் பண்ணைகளில் ஒன்று. அதன் மலைச்சரிவு இன்றும் ரீஸ்லிங் என்னும் வெள்ளைத் திராட்சைக்குப் பெயர்பெற்ற தோட்டம். பூசைக்கு வைன் வேண்டும், தவிர ஒழுங்குநூல் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ கால் லிட்டர் அனுமதிக்கிறது. அங்கே சாந்து பூசாத கல்சுவர்கள் படிப்படியாகப் போகும். சாந்து இல்லாததுதான் அவற்றின் பலம், பின்னாலுள்ள மண்ணின் நீர் கல்லிடுக்கு வழியே வடிந்துவிடும். சுவர் மலைப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கவேண்டும். முகப்புக் கல்லுக்குப் பின்னால் சல்லிக்கல் நிரப்பவேண்டும். இடையிடையே நீளக்கல்லை மண்ணுக்குள் போகும்படி குறுக்கே வைக்கவேண்டும். சல்லிக்குள் மண் இறங்கி அடைத்துக்கொண்டால் நீர் தேங்கும், குளிரில் உறைந்து விரியும், சுவருக்கு வயிறு தள்ளும். வயிறு தள்ளிய சுவரை வெளியிலிருந்து அடித்து உள்ளே தள்ள முடியாது. அடிவரை பிரித்துப் புதிதாக அடுக்கவேண்டும். கூலி கட்டுப்படியாகாமல் பலர் இந்தச் சரிவுகளைக் கைவிடுவது அந்தப் பகுதி முழுவதுமான கவலை.

சுற்றுவட்டாரத்தில் ஜெர்மன் ஒலியே இல்லாத ஊர்ப்பெயர்களைப் பார்த்தால் வியக்காதீர்கள். பினாஷ், ஸேர், வில்லார் என்று. போர்களில் ஆளற்றுப்போன நிலங்களில் 1699இல் ஆல்ப்ஸ் மலையின் பியட்மான்ட் பக்கமிருந்து விரட்டப்பட்ட வால்டென்ஸியர்கள் என்னும் புராட்டஸ்டன்ட் பிரிவினர் குடியேறினார்கள். அவர்களுடைய தலைவர் ஆன்ரி அர்னோ வாழ்ந்த வீடு ஷோனன்பெர்க்கில் அருங்காட்சியகமாக இருக்கிறது.

மௌல்டாஷன் மௌல்பிரோனில் பிறந்தது என்பது கதை, ஆவணம் ஏதும் இல்லை. நோன்பு நாளில் கிடைத்த இறைச்சியைக் கீரையோடு கொத்தி, மாவுக்குள் ஒளித்துக் கடவுள் கண்ணில் படாமல் தின்றார்கள் என்பார்கள். தென்மேற்கு ஜெர்மனியின் ஸ்வாபியப் பகுதி முழுவதற்கும் பொதுவான உணவு, புனித வியாழனும் பெரிய வெள்ளியும் அதற்குரிய நாள்கள். அம்மாவுக்குச் செய்முறை வேண்டியிருக்கும். 300 கிராம் மைதா, 3 முட்டை, உப்பு, தேவைப்பட்டால் ஒரு கரண்டி நீர். கெட்டியாகப் பிசைந்து அரைமணி மூடிவையுங்கள். உள்ளே வைக்க, 250 கிராம் கொத்துக்கறி, 200 கிராம் கீரை, பாலில் ஊறிய இரண்டு பழைய பன், வதக்கிய வெங்காயம், பார்ஸ்லி, ஒரு முட்டை, ஜாதிக்காய்த் தூள். கீரையை வெந்நீரில் போட்டெடுத்துத் துணியில் கட்டி ஒட்டப் பிழியவேண்டும். ஈரம் இருந்தால் மாவு ஊறி வெடிக்கும். காற்று மாட்டினாலும் வெடிக்கும், எனவே ஓரத்தை ஒட்டும்முன் உள்ளங்கையால் அழுத்துங்கள். கொதிக்கும் நீரில் போடாமல், கொதி அடங்கிய சூட்டில் கால்மணி நேரம். முதல் நாள் சூப்பில் போட்டு, மறுநாள் மிச்சத்தை நறுக்கி வெண்ணெயில் முட்டையோடு வறுத்து.

பெற்றோருடன் போவதற்கு: 1853இல் வந்த இருப்புப்பாதை மௌல்பிரோனைத் தள்ளியே போனதால், முக்கிய நிலையம் ஊருக்கு வெளியே மேற்கில் இருக்கிறது. மூலாக்கர் அல்லது பிரெட்டனிலிருந்து பேருந்தில் வந்தால் வாசல் கோபுரத்துக்கு அருகிலேயே இறங்கலாம். காலையில் முதலில் மேட்டு ஏரிக்குப் போங்கள், கரைமேல் நின்றால் மடம் கீழே தெரியும், நீர் எப்படி இறங்கியது என்று அப்பாவுக்கு நீங்களே காட்டலாம். பிறகு முற்றம். உள்கட்டடத்தைப் பகலுக்கு வையுங்கள், மே மாதத்திலும் உள்ளே குளிரும், அம்மாவுக்குச் சால்வை அவசியம். முற்றம் முழுவதும் கல் பாவியது, குதிகால் செருப்பு வேண்டாம். காட்டு வாய்க்காலை ஒட்டிய பாதை மழைக்கு அடுத்த நாள் களிமண்ணாக வழுக்கும். அன்றைக்கு அவர்களை முற்றத்து லிண்டன் மரங்களுக்குக் கீழே உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் போய்வாருங்கள்.